சிறுநீரகத்தின் போன் வயர்

தரைத்தள வீட்டு ஆன்ட்டி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வாசலில் தேங்கிய தண்ணீரைத் துடைப்பத்தால் தள்ளிக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு இதயத்தை எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று புரிந்தது.

அஸ்தினாபுரத்தில் எங்கள் மூன்று மாடிக் கட்டடத்துக்குக் கீழே சம்ப் என்று ஒரு நிலத்தடித் தொட்டி உண்டு. அதிலிருந்து மோட்டார் தண்ணீரை மொட்டைமாடித் தொட்டிக்கு ஏற்றும். எங்கள் பக்கத்தில் கோடையில் குழாய்த் தண்ணீர் நூலாக இளைத்தால் யாரும் மோட்டாரைச் சந்தேகப்பட மாட்டோம். தண்ணீர் தீர்ந்துவிட்டது என்றே முடிவு கட்டுவோம். அவ்வளவு பழகிப்போன பஞ்சம். மூன்றாம் மாடியில் இருக்கும் அசோசியேஷன் செக்ரட்டரி சம்ப் மூடியைத் திறந்துகூடப் பார்க்காமல் தண்ணீர் லாரிக்குப் போன் செய்துவிடுவார். முந்தின நாள் ஒரு லாரி வந்தது. அன்று காலையில் இன்னொன்று.

லாரிக்காரர் பால்கனியை அண்ணாந்து பார்த்துக் கத்தினார்: "இன்னா சார், சம்ப்பு ரொம்பி வழியுது! இத்த எங்க உடறது? என் தலைலயா?"

"மேல சொட்டுத் தண்ணி வரலப்பா! நீ ஊத்து!" என்றார் செக்ரட்டரி.

"ஊத்தினா நான் பெட்ரூம்ல கப்பல்தான் விடணும் சார்!" என்றார் ஆன்ட்டி, துடைப்பத்தை ஓங்கியபடி.

நான் படியில் பையும் கையுமாக அப்படியே நின்றுவிட்டேன். மேலே வறட்சி, கீழே வெள்ளம், நடுவில் களைத்துப்போன ஒரு மோட்டார். இதுதானே!

தாம்பரம் பக்கத்தில் ஒரு மருத்துவக் கல்லூரியின் உடற்கூறியல் துறையில் நான் டியூட்டர். இதயச் செயலிழப்பு என்றால் என்ன என்று முதலாண்டுப் பிள்ளைகளைக் கேட்டால், இதயம் நின்றுபோவது என்பார்கள். நிற்பதில்லை. ஓடுகிறது, ஏற்ற முடியாமல் ஓடுகிறது. தன்னிடம் வரும் ரத்தம் குறைந்ததும், உடம்பில் தண்ணீரே இல்லை என்று சிறுநீரகம் நினைத்துக்கொள்கிறது. உப்பையும் நீரையும் வெளியே விடாமல் பிடித்து வைக்கிறது. அந்த நீர் நுரையீரலிலும் காலிலும் போய்த் தேங்குகிறது. எங்கள் செக்ரட்டரியேதான்!

"அங்கிள், மோட்டாரைப் பாருங்க!" என்று மேலே பார்த்துக் கத்திவிட்டு பஸ்ஸுக்கு ஓடினேன். மோட்டார் அன்றே, கம்பிச்சுருளைப் புதிதாகச் சுற்ற, ரீவைண்டிங்குக்குப் போனதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

இதயச் செயலிழப்பையும் அதற்கான மருந்தையும் நடத்த எங்கள் துறைத் தலைவரிடம் ஒரு பீரியட் கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏம்மா, அனாட்டமியில மருந்து எதுக்கு? அதுக்குத்தான் பின்னாடி வருஷங்கள் இருக்கே."

"இதயத்தைக் கையில வச்சிருக்கும்போதே சொன்னா மறக்க மாட்டாங்க சார்."

"சரி, இந்த வெள்ளிக்கிழமை ஒரு பீரியட் தரேன். முடிவுல வந்து நான் கை காட்டுற ஒருத்தனை எழுப்பிக் கேப்பேன். சொல்லிட்டான்னா வெள்ளிக்கிழமை பீரியட் வாரா வாரம் உனக்கு. முழிச்சான்னா நீ பேசாம எலும்புக்குத் திரும்பிடணும். மறுபடி இந்தப் பேச்சே எடுக்கக் கூடாது."

எலும்புக்கு என்றால், பெட்டியைத் திறந்து ஆளுக்கொரு தொடையெலும்பைக் கொடுத்து, பள்ளத்துக்கும் மேட்டுக்கும் பெயர் சொல்லவைப்பது. இரண்டு வருடமாக அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை ஃபார்மலின் நெடிக்கு நடுவே இரண்டு தட்டுகளை வைத்தேன். ஒன்றில் சாதாரண இதயம், ஒரு கையில் அடங்கும். மற்றதில் செயலிழந்து பெருத்த இதயம். அதைத் தூக்க இரண்டு கையும் வேண்டும், சுவரோ தொய்ந்த பலூன்போல மெலிந்திருந்தது. வரிசையாக வந்து தொட்டுப் பார்த்தார்கள்.

பிறகு எங்கள் கட்டடத்தின் கதையைச் சொல்லி, அவர்களையே நடிக்கவிட்டேன். ஒரு நெட்டைப் பையன் மோட்டார்: ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு தோப்புக்கரணம். முன் வரிசைப் பெண் சிறுநீரகம், அதாவது செக்ரட்டரி. "தண்ணி வரல, லாரி அனுப்புங்க!" என்று அவள் கையையே ரிசீவராகக் காதில் வைத்துக் கத்தும்போதெல்லாம் ஒருவன் வந்து மோட்டாரின் தோளில் கையை ஊன்றி அழுத்தினான். அதோடு ரத்தக் குழாய்களையும் இறுக்கச் சொல்லி அவள் உத்தரவு போட்டாள். இன்னொருவன் வந்து அழுத்தினான். மோட்டாருக்கு முட்டி நடுங்கியது.

"இவனைக் காப்பாத்தணும். எப்படி?" என்றேன்.

"தேங்கின தண்ணிய இறைக்கணும் மேம்."

"அது சிறுநீர் போகவைக்கிற மாத்திரை. பழைய வைத்தியம், இன்னைக்கும் வேணும். ஆனா நீ இறைக்க இறைக்க அவ லாரி அனுப்புறாளே?"

"நாலு தட்டு தட்டி வேகமா ஓட்டலாம் மேம்!"

"டேய் மச்சான், உயிரோடதான்டா இருக்கேன்!" என்றது மோட்டார்.

சிரிப்பு அடங்கும்போது நடு வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "மேம், செக்ரட்டரியோட போன் வயரை அறுத்துட்டா?"

எனக்கு அவனைத் தூக்கிச் சுற்றவேண்டும்போல இருந்தது! சிறுநீரகம் கிளப்பிவிடும் செய்தி ரத்தத்தோடு நுரையீரலைக் கடக்கும்போதுதான் முழு வலுப்பெறுகிறது. அதை முழுமையடைய விடாமல் தடுக்கும் மாத்திரைகள் இந்தத் தொண்ணூறுகளில் வார்டுகளுக்கு வந்துவிட்டன. செய்தி வலுவிழந்தால் குழாய்கள் தளரும், உப்பும் நீரும் வெளியேறும், இதயத்தின் சுமை இறங்கும். நோயாளி கூடுதல் காலம் வாழ்வார். இதைச் சொல்லச் சொல்ல, மோட்டாரின் தோளிலிருந்து கைகள் தாமாகவே விலகின. அவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தான். வகுப்பு கைதட்டியது.

கைதட்டல் ஓயுமுன் தலைவர் வாசலில் நின்றிருந்தார். அவர் விரல் நேராக எலும்பு அலமாரிக்குப் பின்னால் பதுங்கியிருந்த அனகாபுத்தூர்ப் பையனைக் காட்டியது. வாய்மொழித் தேர்வுகளில் வாயே திறக்காதவன். போச்சு, என்று நினைத்தேன்.

"நீ சொல்லு. இதயம் செயலிழந்தவருக்கு ஏன் மூச்சு வாங்குது?"

அவன் தலையைச் சொறிந்தான். "சார், மோட்டாரு இழுக்கல சார். கிட்னி இன்னாடான்னா, தண்ணியே இல்லன்னு நெனச்சுக்கினு லாரி மேல லாரியா இறக்கிக்கினே கீது. லங்ஸு கிரவுண்டு ஃப்ளோரு சார். அங்க ரொம்பிக்கிச்சு."

பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். தலைவர் சிரிக்கவில்லை.

"படுத்தா இன்னும் அதிகமா மூச்சு வாங்குமே, அது ஏன்?"

இதை நான் சொல்லித்தரவில்லை. பையன் மேசையைப் பார்த்தான், தன் காலைப் பார்த்தான். "நின்னா தண்ணி கால்ல நிக்கும். படுத்தா காலும் லங்ஸும் ஒரே மட்டம். அங்க இருக்கறது இங்க வந்துடும்ல சார்?"

தலைவர் என் பக்கம் திரும்பினார். "இதை நீ சொல்லிக்குடுத்தியா?"

"இல்ல சார். அவனே சொல்றான்."

"ம்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வெள்ளிக்கிழமை உனக்குத்தான்மா."

பிள்ளைகள் போட்ட கூச்சலில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. அந்த இரைச்சலிலேயே சிறுநீரகமாக நடித்த பெண் கையைத் தூக்கினாள். "மேம், எங்க சீனியர் அக்கா ஒண்ணு சொன்னாங்க. இப்ப இந்தப் பேஷண்ட்ஸ் சிலருக்குத் துடிப்பைக் குறைக்கிற மாத்திரை குடுத்துப் பாக்கறாங்களாமே? ஓட முடியாதவனை இன்னும் மெதுவா ஓடுன்னு சொன்னா எப்படி?"

தலைவர் என்னை முந்திக்கொண்டார். "நான் படிச்சப்போ அப்படி எழுதினா பெயில் போடுவாங்க." பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "ஆனா குடுக்கத்தான் ஆரம்பிச்சிருக்காங்க" என்றார்.

என்னிடம் பாதி விடை இருக்கிறது. இதயம் தன் தசைக்கான ரத்தத்தைப் பெரும்பாலும் சுருங்கும்போது வாங்குவதில்லை. இரண்டு துடிப்புகளுக்கு நடுவே ஓயும்போது வாங்குகிறது. வேகம் கூடினால் சுருங்கும் நேரத்தைவிட ஓயும் நேரம்தான் அதிகம் தேய்கிறது. வேகத்தைக் குறைத்தால் அந்த நேரம் திரும்பக் கிடைக்கும். மீதிப் பாதிக்கு நூலகத்தில் புது இதழ்களைப் புரட்டிக்கொண்டிருக்கிறேன். ஆனால் இந்த முதல் பாதியை வாயால் சொல்லப்போவதில்லை. வரும் வெள்ளிக்கிழமை மொத்த வகுப்பையும் கல்லூரி மாடிப்படியில் ஓடி ஏறவைத்து, உச்சியில் ஒருவர் மணிக்கட்டை இன்னொருவர் பிடித்து, துடிப்புக்கும் துடிப்புக்கும் நடுவே இருக்கும் இடைவெளியைத் தேடச் சொல்லப்போகிறேன். எல்லாரும் ஷூ போட்டு வரவேண்டும் என்று சொல்லியாகிவிட்டது. தலைவரும் வருகிறாராம்.