பேய்க்கு யார் குரல்?

எண்பதுகளின் நடுப்பகுதியில், கிழக்கிலங்கையின் சாய்ந்தமருதில், கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கையொன்றில் நடந்தது இது. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு, பெறுபேறு வரும்வரை நான் வீட்டில் சும்மா இருந்த காலம். உம்மாவைக் கேட்டால், சும்மா எங்கே இருந்தாள், ஊர் சுற்றினாள் என்பார். அநியாயம். எங்கள் வளவிலிருந்து அடுத்த வளவுக்குத்தான் சுற்றினேன். அங்கேதான் வீடியோ டெக் இருந்தது.

அந்த வீட்டு ராத்தாவின் மாப்பிள்ளை சவூதியில் வேலை செய்தார். ஒரு முறை லீவில் வந்தபோது கலர் டிவியும் டெக்கும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். ராத்தாவின் தங்கை என்னோடு ஒரே வகுப்பில் படித்தவள். அவளும் நானும் இன்னும் இரண்டு கூட்டாளிமாரும் பகல் சோறு தின்ற கையோடு அங்கே கூடிவிடுவோம். அந்த இருவரில் ஒருத்தியை நெட்டைச்சி என்போம், மற்றவளைப் பயந்தாங்கொள்ளி என்போம். பெயரைப் போட்டால் இந்த வயதிலும் சண்டைக்கு வருவார்கள். அதனால் அப்படியே இருக்கட்டும்.

நல்ல படம் எங்களுக்கு வேண்டாம். நல்ல படத்தில் அழத்தான் முடியும். ஓட்டைப் படம் என்றால் வயிறு நோகச் சிரிக்கலாம். அப்படி ஒரு பேய்ப் படத்தைக் கடையில் வாடகைக்கு எடுத்து எடுத்துப் பார்ப்போம். கதாநாயகனின் மீசை இந்த அறையில் தடிப்பாக இருக்கும், அடுத்த அறைக்குள் நுழைந்தால் மெலிந்துவிடும். கொட்டும் மழையில் ஓடிவருவான், சட்டை நனையாது. மாளிகைச் சுவரில் கையை ஊன்றினால் சுவர் ஆடும். பேயைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அதற்குக் கால் இல்லை என்று ஒரு கிழவன் சொல்லி வாய் மூடுமுன், வெள்ளைச் சேலைக்குக் கீழே நீல வார் போட்ட ரப்பர் செருப்புத் தெரியும். அடுத்த முறை வரும்போது ஒரு காலில் மட்டும் செருப்பு இருக்கும்.

ஒரு நாள் அந்தப் படம் ஓடும்போது அஸருக்குப் பாங்கு சொன்னார்கள். பாங்கு கேட்டால் டிவியின் சத்தத்தை முழுதாகக் குறைத்துவிடுவது எங்கள் வழக்கம். பாங்கு முடிந்தது. சத்தத்தைக் கூட்ட நான் எழும்ப முன்னர், கதாநாயகன் பேயைப் பார்த்து வாயை அசைத்தான். பேயும் பதிலுக்கு வாயை அசைத்தது. உடனே ராத்தாவின் தங்கை, மூக்கால் இழுத்து, "என்ட மத்தச் செருப்பு எங்க?" என்றாள்.

அவ்வளவுதான். அன்றிலிருந்து எந்தப் படத்தையும் சத்தத்தோடு பார்க்கவில்லை. நாங்களே கதைத்தோம். கதாநாயகன் நெட்டைச்சி, கதாநாயகி பயந்தாங்கொள்ளி, கிழவன், போலீஸ், நாய், இடி, மின்னல் எல்லாம் நான். பேய் ராத்தாவின் தங்கையுடையது. அதை வேறு யாரும் தொட முடியாது. "பேய்க்கு வேற ஆள் இல்லகா" என்று சட்டமே போட்டிருந்தாள்.

பிறகு அவளுக்குக் கலியாணம் நடந்தது. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். ராத்தாவின் வீட்டோடு ஒட்டினாற்போல் அவளுக்கும் ஒரு வீடு கட்டினார்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அந்தச் சுவரையும் கூரை வரை எழுப்பவில்லை, அவசரத்தில் ஓட்டுக்குக் கீழே ஆள் தலை நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டிருந்தார்கள். மாப்பிள்ளை நல்ல மனுசன். கல்முனைக்குப் போனால் எங்களுக்குக் கசெட் எடுத்துவந்து தருவார். அந்தப் பேய்ப் படத்தின் மேல் எங்களுக்கு இருந்த பைத்தியத்தைக் கேள்விப்பட்டு, கடைக்காரனிடம் கதைத்து அதை ஒரேயடியாக வாங்கியே வந்துவிட்டார்.

அதே போக அறுவடையில், சவளக்கடை வயலில் சூடடிப்புக்குப் போன இடத்தில், உழவு மெசின் வாய்க்காலுக்குள் புரண்டு, அதற்கடியில் நசுங்கி அவர் மௌத்தானார்.

அவள் அழவில்லை. மையத்தைக் கொண்டுவந்தபோதும் அழவில்லை, தூக்கிக்கொண்டு போனபோதும் அழவில்லை. வெள்ளையை உடுத்தி, விதவையானவள் அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல் இருக்கும் இத்தாவில் உட்கார வைத்தார்கள். நாலு மாதம் பத்து நாள் அந்த அறைதான். ஜன்னலுக்கு வெள்ளைச் சீலை கட்டி, பகலிலும் இருட்டாக இருந்தது. உட்கார்ந்தவள் வாயை மூடியவள்தான். தாயோடும் கதையில்லை, ராத்தாவோடும் கதையில்லை. கஞ்சியை உதட்டில் வைத்தால் நாலு வாய், அதுவும் சில நாள் இல்லை. ஜின் பார்வை என்றார்கள். திரைக்கு வெளியே இருந்து ஓதினார்கள், தண்ணீர் ஓதிக் கொடுத்தார்கள். அவள் கரைந்துகொண்டே போனாள். "இன்னொரு மையத்து எடுக்கப் போறன்" என்று அவளுடைய உம்மா கிணற்றடியில் நின்று எங்கள் உம்மாவிடம் சொன்னதை நான் என் காதால் கேட்டேன்.

போய்ப் பார்க்கலாமே என்பீர்கள். கலியாணமாகாத குமர்ப்பிள்ளைகள் இத்தா அறைக்குள் நுழையக் கூடாது, பிறகு அவர்களுக்கும் அதே தலைவிதி வரும் என்று அந்த வீட்டு மூத்த பெண்கள் ஒரு சட்டம் வைத்திருந்தார்கள். மார்க்கத்தில் அப்படியொன்றும் கிடையாது என்று பிறகுதான் தெரிந்தது. அப்போது தெரியாது. அவளைப் பார்க்காமலே வாரக் கணக்கில் ஓடியது. அந்த வளவுப் பக்கம் போவதையே விட்டுவிட்டேன்.

கச்சான் காற்று பிடித்து அடித்த ஒரு பகல் பொழுது. ராத்தா எங்கள் மூவரையும் கூப்பிட்டு அனுப்பினார்.

"வந்து படம் போட்டுப் பாருங்கடி. வீடு கபுறு மாதிரிக் கிடக்கு. சத்தம் மட்டும் வைக்காதீங்க."

எனக்குத் திக்கென்றது. இத்தா வீட்டில் படமா? ஊர் என்ன சொல்லும்? ராத்தா எங்களை உள்ளே கூட்டிப் போனார். வழமையாக முன் மண்டபத்தில் இருக்கும் டிவி, அன்று நடு அறைக்கு வந்து, அந்தப் பொதுச் சுவரோடு ஒட்டி இருந்தது. ஒழுங்கையால் போகிறவர்கள் பார்க்காமல் இருக்கத்தான் என்றார். டெக்கில் ஏற்கெனவே கசெட் போட்டிருந்தது. அதே பேய்ப் படம். கதவைச் சாத்திவிட்டு, தண்ணீர் அள்ள வேண்டும் என்று ராத்தா கிணற்றடிக்குப் போய்விட்டார்.

ஜன்னல் எல்லாம் பூட்டி அறை கறுத்துக் கிடந்தது. டிவி வெளிச்சம் மட்டும் நீலமாக எங்கள் முகத்தில் விழுந்து விழுந்து அணைந்தது. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சாம்பிராணி வாசம் வந்தது. கச்சான் காற்றில் ஓடுகள் கடகடத்தன. தூரத்தில் கிணற்றுக் கப்பி கிரீச் கிரீச் என்றது. நாங்கள் மூவரும் ஒருத்தியோடு ஒருத்தி ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். சிரிக்க யாருக்கு மனம் வரும்? ஆனாலும் பழக்கம் விடாதே. நெட்டைச்சி மெல்லிய குரலில் கதாநாயகனுக்குக் கதைக்கத் தொடங்கினாள். பயந்தாங்கொள்ளியும் முனகினாள். நானும் ஒரு நாயைக் குரைத்துப் பார்த்தேன். குரைப்பு எனக்கே கேட்கவில்லை.

கிணற்றடிக் காட்சி வந்தது. பேய் வெள்ளைச் சேலையோடு திரும்பி நின்றது. "யார் நீ? உனக்கு என்ன வேண்டும்?" என்றாள் நெட்டைச்சி. சொன்ன பிறகுதான் அவளுக்கு நினைவு வந்திருக்க வேண்டும், அப்படியே நிறுத்திவிட்டாள். திரையில் பேய் வாயை அசைத்தது. எங்களில் ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை.

"என்ட மத்தச் செருப்பு எங்க?"

கரகரத்த குரல், கனநாள் திறக்காத கதவின் பிணைச்சல் மாதிரி. பேயின் வாய் மூடவும் அந்தக் குரல் முடியவும் சரியாக இருந்தது.

நான் நெட்டைச்சியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். இருவரும் பயந்தாங்கொள்ளியைப் பார்த்தோம். அவள் தாவணியைச் சுருட்டி வாய்க்குள் அடைத்திருந்தாள்.

"ஆருகா சொன்ன?"

"நீதானே?"

"அல்லாஹ்வே, நான் இல்லகா!"

எழும்பி டெக்கை நிறுத்தலாம் என்றால், அது அந்தச் சுவரடியில் இருந்தது. அங்கே போக ஒருத்திக்கும் கால் வரவில்லை. ஆயத்துல் குர்ஸி ஓதத் தொடங்கினேன். சின்ன வயதிலிருந்து பாடமான ஆயத்து, பாதியில் மறந்துபோனது. படம் மட்டும் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

நெட்டைச்சிக்கு எப்போதும் கொஞ்சம் திமிர். மாளிகைக் கதவருகில் பேய் மறுபடி வந்தபோது, பற்களைக் கடித்துக்கொண்டு, வேண்டுமென்றே உரத்துச் சொன்னாள். "எங்களை விட்டுப் போய்விடு!"

"வெறுங்காலோட எப்படிப் போற?"

முதல் முறையைவிடக் கிட்டத்தில் கேட்டது. பயந்தாங்கொள்ளி என் கையில் நகத்தைப் பதித்துவிட்டாள், அந்தத் தழும்பு வெகுகாலம் இருந்தது. அடுத்த நொடி சுவரின் மறுபக்கம் யாரோ உள்ளங்கையால் அடித்தார்கள். ஒரு கட்டில் கிறீச்சிட்டது. டிவிக்கு மேலே, ஓட்டுக்குக் கீழே இருந்த இடைவெளியில், வெள்ளையாக ஏதோ எழும்பியது. கீழே கண்ணாடித் திரையில் ஒரு வெள்ளைப் பேய். அதற்கு நேர் மேலே இருட்டில் இன்னொன்று. வெள்ளைச் சீலைக்குள் முகம், முகத்தில் இரண்டு குழி.

"ஆருகா அது?" என்றது அந்த முகம். "பேய் நான்தானே!"

நாங்கள் போட்ட கூச்சலுக்குப் பக்கத்து வளவுக் கோழியெல்லாம் பறந்திருக்கும். கத்தி முடித்த பிறகுதான் கண்ணுக்கு ஆள் தெரிந்தது. அவள்தான். கட்டிலில் ஏறி நின்று எட்டிப் பார்க்கிறாள். அவ்வளவு மெலிந்திருந்தாள். எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தாள், பிறகு எங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்த அலுமாரிக் கண்ணாடியில் படத்தைப் பார்த்தாள். அதில் அவளுக்கு அந்த ரப்பர் செருப்புத் தெரிந்திருக்கிறது. சிரித்தாள். மெய்யாகவே சிரித்தாள். சிரிப்பு போய்க்கொண்டே இருந்தது, நடுவில் எங்கோ உடைந்தது.

"இது மச்சான் வாங்கித் தந்த படம்தானேகா" என்றாள். அதன் பிறகு அவள் அழுத அழுகை இருக்கிறதே, அதை என்னால் எழுத முடியாது.

அவளுடைய உம்மா, "யா அல்லாஹ், ஜின் அலறுது!" என்று தலையில் அடித்துக்கொண்டு, ஓதுகிறவரைக் கூட்டிவர ஓடினார். ராத்தா வாளியோடு பின்வாசலால் ஓடிவந்து உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"விடுங்க உம்மா. அழட்டும். இது அவள்ட குரல்தான்."

அன்று பின்னேரம் அவள் சோறு கேட்டுச் சாப்பிட்டாள். குமர்ப்பிள்ளைச் சட்டத்தை ராத்தாவே முறித்துவிட்டு, எங்களை அந்த அறைக்குள் கூட்டிப்போய் உட்கார வைத்தார். இத்தா முடியும்வரை ஒவ்வொரு நாளும் போனோம்.

கதை இதோடு முடிந்திருந்தால் நல்லது. இத்தா முடிந்து வெளியே வந்த பிறகு ஒரு நாள் நான் அவளைத் திட்டினேன். "மூதேவி, அண்டைக்கு எங்கட உசிரையே எடுத்திட்டியே. ஒரேயடியா எட்டிப் பாத்திருக்கலாம்தானே. என்னத்துக்கு ரெண்டு தரம் ஒளிஞ்சு நிண்டு கதைச்ச?"

அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள். "நான் கதைச்சது கடைசி ஒண்டுதான்" என்றாள். முதல் இரண்டும் அவளுக்கும் கேட்டதாம். எங்கள் பக்கத்திலிருந்துதான் கேட்டதாம். அவளுடைய இடத்துக்கு நாங்கள் வேறு ஒருத்தியைப் பிடித்துவிட்டோம் என்று நினைத்தாளாம். "அந்தக் கோவத்துலதான்கா வாய் துறந்த. இல்லாட்டி நான் கதைச்சிருக்க மாட்டன்."

எங்களுக்குக் கேட்டது அவள் பக்கத்திலிருந்து.

ராத்தாவைத்தான் சந்தேகப்பட்டேன். டிவியை அந்தச் சுவரோடு வைத்தவர், அந்தப் படத்தைப் போட்டு வைத்தவர் அவர்தானே. அதையெல்லாம் ஒப்புக்கொண்டார். குரலை மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை, "வல்லாஹி, நான் கிணத்தடியில இருந்த" என்று ஆணையிட்டார். கப்பிச் சத்தம் இடையில் நிற்கவே இல்லை என்று பயந்தாங்கொள்ளி இன்றும் சத்தியம் செய்வாள். எனக்கும் அப்படித்தான் ஞாபகம். எங்கள் பேய்க்காரி பொய் சொல்கிறாளோ என்றால், அவள் பகிடி விட்டால் கடைசியில் சிரித்துவிடுவாள். இதைச் சொல்லும்போது மட்டும் இத்தனை வருசத்தில் ஒரு தடவையும் சிரித்ததில்லை.

இன்று எந்த மௌத்து வீட்டுக்குப் போனாலும், இத்தாவில் இருக்கும் பெண்ணின் அருகில் உட்கார்ந்து, ஊர்க்கதையோ ஓட்டைப் படக் கதையோ, ஏதாவது கதைத்துவிட்டுத்தான் எழும்புவேன். முறைத்துப் பார்க்கிறவர்கள் பார்க்கட்டும். அந்தக் குரல் யாருடையது என்று எனக்குத் தெரியாது. ஆனால் அவளுடைய கூட்டாளிமார் நாங்கள் மூவரும் வாயைப் பொத்திக்கொண்டிருந்த அந்த இடத்தில், அவளுக்காக வாயைத் திறந்தது அது ஒன்றுதான்.