என் ‘கால்சியம்’ மாத்திரையை அத்தை சாப்பிட்ட நாள்

நேற்று மத்தியானம் என் மாமியார் என் மனநல மாத்திரையைச் சாப்பிட்டுவிட்டார்!

(இப்போது நன்றாக இருக்கிறார். யாரும் பதற வேண்டாம்.)

தப்பு முழுக்க என்னுடையது. எனக்குக் காதில் குரல்கள் கேட்கும் நோய் உண்டு. ஐந்து வருடமாக மாத்திரை. என் கணவருக்குத் தெரியும், அத்தைக்குத் தெரியாது. அதனால் மாத்திரைகளைக் கால்சியம் டப்பாவில் போட்டு வைத்திருந்தேன். (பெரிய புத்திசாலி!)

கர்ப்பம் என்று தெரிந்ததும் பயந்துபோய் நானாகவே மாத்திரையை நிறுத்தினேன். சில வாரங்களில் தூக்கம் போனது. குரல்கள் திரும்பி வந்தன.

டாக்டர் திட்டவில்லை. “நீங்களா நிறுத்தாதீங்க, பேசி முடிவு பண்ணுவோம்” என்று மறுபடி ஆரம்பித்துவைத்தார். மகள் நல்லபடியாகப் பிறந்தாள்.

பிள்ளை பிறந்து இது ஐந்தாவது வாரம். பிரசவப் பத்தியம் பார்க்க அத்தை, சிங்கப்பூரின் செம்பவாங்கிலிருந்து பக்கத்துப் பேட்டையான ஈசூனில் எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறார். தேக்கா சந்தையிலிருந்து பூண்டு, மிளகு, பால்சுறா, பிரசவ மருந்து எல்லாம் வந்து இறங்கின. உருளைக்கிழங்குக்குத் தடை. ஐஸ் தண்ணீருக்கும் தடை!

“நீ சாப்பிடுறது எல்லாம் பாலுல போகும்லா!”

இதைத் தினமும் கேட்டுக்கொண்டு, மாத்திரையைப் பற்றி நான் எப்படி வாயைத் திறப்பேன்?

நேற்று சாப்பாட்டுக்குப் பிறகு அத்தை சோபாவில் தூங்கிக்கொண்டிருந்தார். பகலில் கண்ணையே மூடாதவர். பிள்ளை வீறிட்டு அழுதும் அசையவில்லை.

உலுக்கினேன். பாதிக் கண்ணைத் திறந்தார்.

“கால் வலிம்மா... உன் கால்சியம் ஒண்ணு போட்டேன்...”

உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன்.

மருத்துவமனையில் எல்லாம் சோதித்துவிட்டு, தூக்கம் தெளியும்வரை படுக்க வைத்தார்கள். சாயங்காலம் அத்தை எழுந்து உட்கார்ந்தார். பக்கத்தில் தமிழ் டாக்டர். இனி மறைக்க வழியில்லை.

“அத்தை, அது கால்சியம் இல்ல. என் மனசுக்குப் போடுற மாத்திரை. நான்தான் டப்பா மாத்தி வெச்சேன். சாரி அத்தை.”

அவர் என்னைப் பார்க்கவில்லை. என் மடியில் இருந்த மகளைப் பார்த்தார்.

“பாலுல போகாதா?”

பாலை நிறுத்து என்பாரா, மாத்திரையை நிறுத்து என்பாரா? எதைச் சொல்லியிருந்தாலும் உடைந்துபோயிருப்பேன்.

“கொஞ்சம் போகும் அத்தை. ரொம்பக் கொஞ்சம். பிள்ளை அளவுக்கு மீறித் தூங்குதா, நல்லா குடிக்குதா, வெயிட் ஏறுதான்னு டாக்டருங்க பார்த்துட்டுதான் இருக்காங்க.”

டாக்டரும் சொன்னார்: “சரிதான் ஆன்ட்டி. திடீர்னு நிறுத்தினா தாய்க்கும் பிள்ளைக்கும்தான் கஷ்டம்.”

(இது என் மாத்திரை, என் டோஸ். எல்லா மாத்திரையும் இப்படி இல்லை. சிலவற்றைச் சாப்பிட்டுக்கொண்டு பால் கொடுக்கக் கூடாது என்பார்கள். உங்கள் டாக்டரைக் கேளுங்கள், என்னை இல்லை!)

நான் வசவுக்குத் தயாராகிவிட்டேன்.

அத்தை கேட்டார்.

“ஒரே மாத்திரைக்கு எனக்குக் கண்ணத் தொறக்க முடியலம்மா. நீ தினமும் இதப் போட்டுட்டு, பிள்ள அழுறப்பெல்லாம் எப்படித்தான் எந்திரிக்கிற?”

ஐந்து வருடத்தில் யாரும் என்னை இப்படிக் கேட்டதில்லை. டாக்டர் முன்னாலேயே அழுதுவிட்டேன்.