மண்ணெண்ணெய் குடித்த வண்டி

1. வந்து இறங்கியது

அந்த வண்டி என் வீட்டுக்கு லோடு ஆட்டோவில் வந்தது. காலி மீன் பெட்டிகளுக்கு நடுவே கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். டிரைவருக்குப் பக்கத்தில் அந்தோணி உட்கார்ந்திருந்தார். வெயில் ஏறிவிட்டிருந்தது. எனக்கு முதுகுவலி. பஸ் டெப்போவில் ஃபோர்மேனாக இருந்து ரிட்டயர் ஆன அன்றைக்கே இனி ஸ்பேனரைத் தொடமாட்டேன் என்று வீட்டில் சொல்லியிருந்தேன். அதை என் மனைவி ஜெயராணி நம்பவில்லை. நம்பாமல் இருந்தது சரிதான் என்று அன்று தெரிந்தது.

அந்தோணி மணமேல்குடிக்குத் தெற்கே ஒரு கடற்கரைக் குப்பத்தில் மீன் ஏலம் கூவுகிறவர். சர்க்கரை வியாதியில் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். கட்டைக்கால் மாட்டினால் தார் ரோட்டில் நடப்பார். மணலில் அது புதைந்துவிடும். மூன்று சக்கர சைக்கிளும் அப்படித்தான். ரோட்டுக்கும் தண்ணீருக்கும் நடுவே நல்ல அகலமான மணல்வெளி. அதைத் தாண்டத்தான் இந்த வண்டி. எங்கோ மூடிப்போன ரிசார்ட்டில் பிள்ளைகள் ஏறி விளையாடக் கிடந்ததை அவருடைய தம்பி அருள் வாங்கி வந்தான். நான்கு பலூன் டயர், நூற்றுப்பத்து சிசி எஞ்சின், கட்டைவிரலால் தள்ளுகிற ஆக்ஸிலேட்டர். கியர் கிடையாது, பிரேக்கும் கையில்தான். காலுக்கு வேலையே இல்லை.

"ஜாம் ஆயிருச்சுண்ணே. அறந்தாங்கியில ரெண்டு மெக்கானிக்கிட்ட காட்டிட்டோம். ஸ்பேர் கெடைக்காது, எடைக்குப் போடுங்கன்னுட்டாங்க" என்றார் அந்தோணி.

"அவங்க சொன்னதுதாங்க சரி" என்றேன். நான் அப்படித்தான். முதலில் முடியாது என்று சொல்லிவிட்டுத்தான் பனியனைக் கழற்றுவேன்.

அந்தோணி என்னைப் பார்க்காமல் வண்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "கால எடுத்தப்பக்கூட எனக்கு இப்படி ஆகலண்ணே. இது நின்னதுலேருந்து வீட்டுக்குள்ளயே கெடக்குறேன். அருள் தூக்கிட்டுப் போறேங்கிறான். பொணத்தத் தூக்குற மாதிரி தூக்கிட்டுப் போய் கரையில வப்பான், நான் ஏலம் கூவணுமா? அது மட்டும் நம்மால ஆகாது."

விஷயம் அதோடு முடியவில்லை. அந்தக் கரையில் ஒரு வழக்கம் உண்டு. கோயில் திருவிழா நாட்களில் யாரும் கடலுக்குப் போகமாட்டார்கள். கொடியிறக்கம் முடிந்த மறுநாள் காலை கரைக்கு வரும் முதல் கூடை மீனை யார் முன்னால் வைக்கிறார்களோ, அவர்தான் அடுத்த திருவிழா வரைக்கும் ஏலக்காரர். எழுத்து கிடையாது, ஓட்டு கிடையாது. கூடை உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். வண்டி நின்ற பிறகு சேசு என்ற ஒரு பையன் அந்தோணிக்குப் பதிலாகக் கூவிக்கொண்டிருந்தான். நல்ல தொண்டையாம். திருவிழாக் கொடி ஏறுவதற்கு அதிக நாள் இல்லை.

"எறக்கி வைங்க" என்று சொல்லிவிட்டேன். உள்ளேயிருந்து ஜெயராணி, "எங்கிட்டு எறக்குறதாம்?" என்றாள்.

2. சம்ப்பில் சொட்டு எண்ணெய் இல்லை

கொல்லைப் பக்கம் துணி துவைக்கிற இடத்தில் இறக்கினோம். எஞ்சினைக் கழற்ற அதிக நேரம் பிடிக்கவில்லை. பஸ் எஞ்சினை இறக்க செயின் பிளாக் வேண்டும், ஆள் வேண்டும், ஆயிரம் கெட்ட வார்த்தை வேண்டும். இதை நான் ஒருவனே தூக்கி ஸ்டூல் மேல் வைத்தேன். வைத்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன் என்பது வேறு கதை.

முதலில் எஞ்சினுக்கு அடியில் ஆயில் நிற்கிற தொட்டியான சம்ப்பின் டிரெய்ன் போல்ட்டைத் திறந்தேன். கீழே வாணலி வைத்துக் காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. பிறகு தார் மாதிரி ஒரு கட்டி மெல்ல எட்டிப் பார்த்தது. அவ்வளவுதான். ஹெட்டைக் கழற்றினால் பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிக்கொண்டிருந்தது. சிலிண்டர் சுவரெல்லாம் கீறல். கனெக்டிங் ராடைப் பிடித்து ஆட்டினால் கடகடவென்று ஆடியது. ஆட்டம் காணாதது எது என்று தேடவேண்டியிருந்தது.

அருளை வரச்சொன்னேன். மடியில் போனும், பல்லிடுக்கில் குச்சியுமாக வந்து நின்றான்.

"கடைசியா எப்ப ஆயில் மாத்துனீங்க?"

"டெய்லி ஊத்துறோமேண்ணே."

"டெய்லியா? எங்க ஊத்துறீங்க?"

டேங்க் மூடியைக் காட்டினான். "போட்டு மெஷினுக்குக் கலக்குற கேன்லேருந்துதான். கொஞ்சம் பெட்ரோல், மண்ணெண்ணெய், டூடி ஆயில். விடியக்காலம் கடலுக்குப் போறதுக்கு முன்னாடி அண்ணன் வண்டிக்கும் ரொப்பிட்டுத்தான் போவேன். ஒரு நாள் தவறுனதில்லண்ணே."

திட்ட வாயெடுத்தேன். அவன் முகத்தில் அப்படி ஒரு பெருமை, வாய் அப்படியே நின்றுவிட்டது.

யோசித்துப் பார்த்தால் அவன் பக்கமும் நியாயம் இருந்தது. பிறந்ததிலிருந்து அவன் பார்த்தது படகு மெஷின். அது டூ ஸ்ட்ரோக். எரிபொருளோடு கலந்த அந்த டூடி எண்ணெய்தான் உள்ளே போய் எல்லா இடத்தையும் நனைக்கும். கலக்க மறந்தால் நடுக்கடலில் மெஷின் ஜாம் ஆகும், உயிருக்கே ஆபத்து. அதனால் எண்ணெய் கலப்பதென்றால் அவர்களுக்கு அவ்வளவு கவனம். இந்த வண்டியோ ஃபோர் ஸ்ட்ரோக். எண்ணெய் அடியில் சம்ப்பில் தனியாக நிற்கவேண்டும். டேங்கில் ஊற்றுகிற எண்ணெய் எரிந்து புகையாய்ப் போகுமே தவிர கிராங்க் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. ரிசார்ட்டுக்காரன் எப்போதோ ஊற்றிய எண்ணெயிலேயே இத்தனை காலம் ஓடியிருக்கிறது. அது தீர்ந்ததும் நின்றுவிட்டது. பாசத்தோடு தினமும் ரொப்பி ரொப்பியே வண்டியைக் கொன்றிருந்தான்.

3. என் கை, என் கண், என் முழங்கால்

பிஸ்டனுக்கு அலைந்த அலைச்சலை விவரமாகச் சொன்னால் படிக்கிற நீங்களும் களைத்துப்போவீர்கள். புதுக்கோட்டையில் கடை கடையாக ஏறினேன். எல்லாரும் "என்ன மாடல் சார்?" என்றார்கள். மாடலே இல்லாத வண்டிக்கு என்ன சொல்வது? கடைசியில் கழற்றிய பிஸ்டனைப் பையில் போட்டுக்கொண்டு போய், பழைய பைக் பிஸ்டன் ஒவ்வொன்றாகப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒன்றில் பின் சைஸும் உயரமும் ஒத்துப்போயின. அதற்குத் தக்கபடி அறந்தாங்கி லேத்தில் சிலிண்டரை உள்ளே கீறல் போகக் கடைந்து போரிங் போட்டோம். கிராங்கைப் பிரித்து ராடு மாற்றி அழுத்திக் கொடுத்ததும் அதே லேத்துக்காரர்தான். கேஸ்கெட் செட் ஆன்லைனில் வந்தது. முதல் தடவை வேறு எதற்கோ உள்ளது வந்தது. திருப்பி அனுப்பிவிட்டு மறுபடி காத்திருந்தேன். அதற்குள் அங்கே கொடி ஏறிவிட்டது.

பூட்டுகிற வேலை இருக்கிறதே, அதுதான் என்னைச் சோதித்தது. இத்தனை வருடம் பஸ் பிஸ்டனை இரண்டு கையால் பிடித்தே பழக்கம். இது காபி டம்ளர் அளவு. பிஸ்டன் பின் நழுவாமல் போடுகிற சர்க்கிளிப் வளையம் நகத்துணுக்கு மாதிரி இருக்கிறது. கண்ணாடி போட்டால் கிட்டத்தில் தெரிகிறது, எட்டத்தில் தெரியவில்லை. கழற்றினால் எதுவுமே தெரியவில்லை. சர்க்கிளிப் விரலிலிருந்து தெறித்துப் பறந்தது. மண்டி போட்டுத் தேடினேன், எழுந்திருக்க முடியவில்லை. ஜெயராணிதான் விளக்குமாற்றோடு வந்தாள். கொஞ்ச நேரத்தில் அரிசி களைகிற சட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள்.

"இதத்தான தேடுறீங்க? சோத்துல போட்டிருந்தா ஒங்க வயித்துக்குள்ள போரிங் நடந்திருக்கும்."

"சும்மா இரு."

"நான் சும்மாத்தான் இருக்கேன். ரிட்டயர் ஆன மனுசன்தான் சும்மா இருக்க மாட்டேங்குறாரு."

அவள் சொன்னதில் தப்பில்லை. அன்று மத்தியானம் சுவரில் சாய்ந்துகொண்டு, யாருக்காக இப்படிக் கிடந்து சாகிறேன் என்று நிஜமாகவே சலித்துக்கொண்டேன். வேலை தெரிந்தவனுக்கு ஓய்வு கிடையாது என்று டெப்போவில் சொல்லிச் சிரிப்போம். அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தோணி போன் செய்தார். அவசரப்படுத்தவில்லை. "சாப்டீங்களாண்ணே?" என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்தார். கோபம்தான் வந்தது. அவசரப்படுத்தியிருந்தால் நானும் இரண்டு வார்த்தை கத்தியிருக்கலாம். எழுந்து போய் டைமிங் செயினை மாட்டினேன்.

கொடியிறக்கத்தன்று காலையில் வண்டி ஸ்டார்ட் ஆனது. சத்தம் சுத்தமாக இருந்தது. அருளைக் கூப்பிட்டு டெப்போவில் ஆர்டர் போடுகிற தோரணையில் சொன்னேன். "டேங்க்ல வெறும் பெட்ரோல். ஆயில் இங்கிட்டு, இந்த ஓட்டையில. இது டிப் ஸ்டிக். இந்தக் கோடு வரைக்கும் ஆயில் நிக்கணும். வெளங்குச்சா?"

"வெளங்குச்சுண்ணே."

இதே பதிலை டெப்போவில் எத்தனை பேரிடம் கேட்டிருப்பேன்! அப்படியும் நம்பி வண்டியை லோடு ஆட்டோவில் ஏற்றி அனுப்பினேன்.

4. மணலில் நின்றது

மறுநாள் விடிந்ததும் பஸ் ஏறிப் போனேன். பார்க்காமல் இருக்க மனசு வரவில்லை. ரோட்டிலிருந்து அந்தோணி வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வண்டியோடு மணலில் இறங்கினார். நான் பின்னால் நடந்தேன். தண்ணீர் ஓரத்தில் வியாபாரிகள் கூடியிருந்தார்கள். சேசுவும் நின்றான். படகுகள் தலையைக் காட்டிவிட்டன.

பாதி மணலில் வண்டி இருமியது. சைலன்சரிலிருந்து நீலப் புகை. அந்த வாடை எனக்குத் தெரியும். இன்னும் கொஞ்ச தூரம் இழுத்து நின்றேவிட்டது. செல்ஃப் அடித்தால் சுற்றுகிறது, பிடிக்கவில்லை. டேங்க் மூடியைத் திறந்து முகர்ந்தேன். மண்ணெண்ணெய்.

"அருள் ரொப்பினானா?"

"விடியக்காலம் கடலுக்குப் போறப்ப ரொப்பிட்டுத்தான் போனான்" என்றார் அந்தோணி. சொல்லி முடிக்கும்போதே அவருக்கும் புரிந்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டார்.

பிளக்கைக் கழற்றி வேட்டியில் துடைத்தேன். எரிபொருளை இறக்கவேண்டும், வேறு பெட்ரோல் வேண்டும், அது ரோட்டுப் பக்கம் யார் பைக்கிலாவது இருந்தால்தான் உண்டு. அதற்குள் முதல் படகு கரை ஏறிவிட்டது. அருளின் படகு. எனக்கு அவனைக் கொல்லலாம் போல இருந்தது.

அருள் கூடையைத் தலையில் வைத்தபடி இறங்கினான். சேசுவுக்கு முன்னால் இடம் விட்டு வியாபாரிகள் விலகினார்கள். அருள் சுற்றுமுற்றும் பார்த்தான். பாதி மணலில் நிற்கிற வண்டியையும் புகையையும் பார்த்தான். நிற்கவில்லை. சேசுவைத் தாண்டினான். நனைந்த கைலியோடு, மணலில் கால் புதையப் புதைய நடந்து வந்து, வண்டிக்கு முன்னால் கூடையை இறக்கி வைத்தான்.

"அண்ணே, கூவு."

மீன் எங்கே போகிறதோ வியாபாரி அங்கேதான் வருவான். முனகிக்கொண்டே எல்லாரும் மேடேறி வந்தார்கள். அடுத்த படகுக்காரர்களும் கூடையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். சேசுவும் வந்தான். அந்தோணி நிமிர்ந்து உட்கார்ந்து தொண்டையைச் செருமினார். பிறகு எழுந்த குரலுக்கு வண்டியும் வேண்டாம், மைக்கும் வேண்டாம். நான் கையில் பிளக்கை வைத்துக்கொண்டு மணலில் உட்கார்ந்துவிட்டேன். அழுகை வந்தது, அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

ஏலம் முடிந்ததும் அருள் என் பக்கத்தில் வந்து குந்தினான். "நீங்க சொன்னது வெளங்கத்தாண்ணே செஞ்சுச்சு. கேனைக் கையில எடுத்தப்ப மனசு கேக்கல. வெறும் பெட்ரோல ஊத்தி உள்ள காஞ்சு போயிருச்சுன்னா? அண்ணனுக்கு இன்னைக்கு நாளுல்ல? கொஞ்சூண்டுதான் ஊத்துனேன்."

டேங்கில் இருந்ததை இறக்கிவிட்டு, ஒரு பைக்கிலிருந்து பெட்ரோல் வாங்கி ஊற்றினோம். வண்டி ஓடியது. அந்தோணி அதிலேயே வீட்டுக்குப் போனார்.

5. முடிவாக

இளம் மெக்கானிக்குகளுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். எஞ்சினைப் பூட்டி முடித்ததோடு வேலை முடியாது. தினமும் அதற்கு ஊற்றப்போகிற ஆள் எதற்குப் பயப்படுகிறான் என்று கேளுங்கள். ஆர்டர் போட்டால் தலையாட்டுவான், அவன் பயம் அப்படியே இருக்கும். நான் அன்றைக்கு வண்டி கிளம்புவதற்கு முன் அந்த மணலிலேயே டிப் ஸ்டிக்கை உருவி, சம்ப்பிலிருந்து அதில் ஒட்டி வந்த எண்ணெயில் அருளின் விரலை நனைத்துக் காட்டினேன். அப்புறம்தான் அவன் முகம் தெளிந்தது.

அதன்பிறகு டேங்கில் மண்ணெண்ணெய் ஏறவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அருள் பஸ் ஏறி என் வீட்டுக்கு வந்தான். மடித்த வெள்ளைத் துணியை என் முன்னால் பயபக்தியோடு பிரித்தான். உள்ளே டிப் ஸ்டிக்.

"கோடு வரைக்கும் ஆயில் இருக்கு பாருங்கண்ணே. நீங்களே ஒரு தடவ பாத்துட்டா எனக்கு நிம்மதி."

"சரிதான். வண்டி எங்க நிக்குது?"

"கரையிலதாண்ணே."

"அப்ப இத உருவுன ஓட்டை?"

அவன் முகம் மாறியது. கடல் காற்று, மணல், திறந்து கிடக்கிற எஞ்சின். ஜெயராணி ஸ்பேனர் பையைக் கொண்டு வந்து என் மடியில் வைத்தாள்.