ட்வைலா வண்டியின் மூக்கு நிமிர்ந்த சனிக்கிழமை

பிக்கப் வண்டிகளின் குனிந்த மூக்கை நிமிர்த்துவதற்கென்றே ஒக்லஹோமாவில் ஒருவன் அவதரித்திருக்கிறான் என்றால், அது கோல்ட்டன் பிக்ஸ்பிதான். அவன் ஸ்பேனரைக் கையில் எடுத்தால் இரும்பு வழிவிடும். துருவேறிய போல்ட்டு அவன் குரலைக் கேட்டாலே கழன்று தட்டில் வந்து உட்கார்ந்துகொள்ளும். இதெல்லாம் கோல்ட்டனே சொன்னது. பதினாறு வயதுக்குள் அவன் முழுசாகக் கழற்றிப் பார்த்தது ஒரே ஒரு புல்வெட்டும் இயந்திரம். அது இன்னமும் கொட்டகையில் வாளி வாளியாக இருக்கிறது.

இப்போது அவன் முன்னால் நின்றது அக்கா ட்வைலாவின் வண்டி. பாரம் ஏற்றினால் பின்பக்கம் அமுங்கும் என்று கணக்குப் போட்டு, முன்பக்கத்தைத் தாழ்த்தியே தொழிற்சாலையில் செய்து அனுப்புகிறார்கள். வெறும் வண்டியாக நிற்கும்போது அது புல் மேயக் குனிந்த மாடு மாதிரி இருக்கும். அப்படிப்பட்ட வண்டியில் வருகிறவரை அந்தப் பக்கத்துப் பெட்ரோல் பங்கில் யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. அதனால்தான் கோல்ட்டன், குதிரை லாயத்தில் சாணி அள்ளிய காசில், லெவலிங் கிட் ஒன்று வாங்கிவந்திருந்தான். கிட் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, தடித்த அலுமினிய வட்டுகள் இரண்டு. முன்சக்கர ஷாக் அப்சார்பர்களின் தலையில் ஆளுக்கொன்று வைத்து இறுக்கினால் மூக்கு நிமிர்ந்துவிடும். வழியனுப்புப் பரிசு.

ஆமாம், ட்வைலா ஊரைவிட்டுப் போகிறாள். கோதுமைக் கிடங்கின் எடைமேடையில் வேலை பார்த்துவந்தவள். அறுவடை நாட்களில் வரிசையை முந்த லாரிக்காரர்கள் சொல்லும் கதைகளை முழுசாகக் கேட்பாள், கண்கூடக் கலங்குவாள், பிறகு, "நல்லா இருக்குண்ணே, பின்னாடி போய் நில்லுங்க" என்பாள். கோபம் வந்தால் பாடுவாள். அவள் பாடினால் நாய் கொட்டகைக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். அவளுக்கு வயோமிங்கில் காற்றாலைக் கம்பத்தில் ஏறிப் பழுதுபார்க்கும் வேலை கிடைத்திருந்தது. திங்கள் காலை அங்கே போய் நிற்காவிட்டால் அந்த இடம் வேறு ஒருவனுக்குப் போய்விடும். ஞாயிறு விடியலிலேயே கிளம்பியாக வேண்டும்.

"டேய், முதல்ல கிட்டோட வந்த அந்தத் தாள படிடா" என்றாள், ஜாக்கியை மிதித்துக்கொண்டே.

"தாளெல்லாம் தெரியாதவனுக்குக்கா. எனக்குக் கையே படிச்சிரும்."

"போன வருசம் கணக்குல உன் கை என்ன படிச்சுச்சுன்னு ஊருக்கே தெரியும்."

ஆளுக்கொரு பக்கம் பிரித்துக்கொண்டார்கள். ட்வைலா சக்கரத்தைக் கழற்றினாள், சுத்தியலால் ஓங்கி ஒரு தட்டு தட்டினாள், ஷாக் அப்சார்பரை உருவினாள், வட்டை வைத்தாள், மறுபடி ஏற்றினாள், வியர்வையைத் துடைத்துக்கொண்டாள். அதற்குள் கோல்ட்டன் சுத்தியலால் தன் கட்டைவிரலைச் சந்தித்திருந்தான். வட்டைத் திருப்பி வைத்துவிட்டதால் கீழே இருக்கிற துளைகள் ஒன்றுக்கொன்று முகம் கொடுக்கவில்லை. அவன் கடப்பாரையைப் போட்டு நெம்பினான், தொங்கினான், கடைசியில் அதனோடு பேசிப் பார்த்தான்.

"என்னடா சொல்லுது?"

"கொஞ்சம் முறைக்குதுக்கா. புதுசுல்ல."

"வட்ட மாத்தி வச்சிருக்க, நிபுணா. கழட்டித் திருப்பு."

கழற்றித் திருப்பினான். சொன்னபடி கேட்டது. அது அவனுக்கு இன்னும் அவமானமாக இருந்தது.

கடைசியில் அவன் பக்கத்தில், சக்கரத்தை வண்டியோடு பிணைக்கிற மேல் பால் ஜாயின்ட்டின் நட்டு மட்டும் பாக்கி. நட்டை மாட்டினால் சக்கரம். சக்கரத்தை மாட்டினால் வயோமிங்.

ட்வைலா தண்ணீர் எடுக்க உள்ளே போனாள். கோல்ட்டனின் கை தட்டிலிருந்த நட்டை எடுத்தது, இடது பூட்ஸுக்குள் போட்டது. கைதான் செய்தது, தனக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று அவன் எந்த நீதிமன்றத்திலும் சொல்வான். ஊரில் இருந்த ஒரே உதிரிபாகக் கடை சனிக்கிழமை நண்பகலோடு பூட்டிவிடும். இனித் திறப்பது திங்கள்கிழமைதான். அவன் போட்டதிலேயே சரியாக வந்த கணக்கு அது ஒன்றுதான்.

பிறகு தேடல் தொடங்கியது. கோல்ட்டன் மாதிரி உலகத்தில் யாரும் தேடியிருக்க முடியாது. வண்டிக்கு அடியில் ஊர்ந்தான். தட்டைக் கவிழ்த்தான். ஜல்லியைக் கையால் சலித்தான். "பூனைதான்கா எடுத்துட்டுப் போயிருக்கும்" என்றான். நட்டு குதிகாலைக் குத்த, நொண்டி நொண்டித் தேடினான்.

ட்வைலா மண்டியிட்டு, கயிற்றில் கட்டிய காந்தத்தைப் புல்லில் இழுத்துக்கொண்டிருந்தாள். குனிந்த அந்த முதுகை அவனுக்கு நன்றாகத் தெரியும். சின்ன வயதில், சூறாவளிச் சங்கு ஊதினால் அவனை அதில் ஏற்றிக்கொண்டுதான் பாதாள அறைக்கு ஓடுவாள். உள்ளே இருட்டில் அவன் காதைப் பொத்திக்கொண்டு, வெளியே அடிக்கிற காற்றைவிட மோசமாகப் பாடுவாள். அவள் போன பிறகு சங்கு ஊதினால் என்ன செய்வது என்று அவன் யோசித்துப் பார்த்திருந்தான். மீசை அரும்பியவன் யோசிக்கிற விஷயமா இது?

அவள் பாடவில்லை. அதுதான் அவனுக்கு உறுத்தியது. "திங்கக்கிழமைக்கு மேல எடத்த வச்சிருக்க மாட்டாங்கடா" என்று மட்டும் சொன்னாள், தரையைப் பார்த்துக்கொண்டே.

அப்போது சமையலறை ஜன்னலிலிருந்து அம்மா கத்தினாள். "சாப்பாடு ஆறுது! பூட்ஸ வாசல்ல கழட்டிட்டு உள்ள வாங்க!"

மாவில் புரட்டிப் பொரித்த மாட்டிறைச்சி, மேலே மிளகு போட்ட வெள்ளைக் குழம்பு. வாசனை முற்றம் முழுக்க வந்து நின்றது. அந்த வீட்டில் பூட்ஸோடு சமையலறைக்குள் கால் வைத்தவர் யாருமில்லை, பாதிரியார் உட்பட.

"எனக்குப் பசிக்கல" என்றான் கோல்ட்டன்.

உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது. அம்மா கரண்டியோடு வெளியே வந்து அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "காய்ச்சல் இல்லயே" என்றாள் பயந்துபோய். ட்வைலா அவன் இடது பூட்ஸை ஒருமுறை பார்த்தாள். எழுந்து, பூட்ஸைக் கழற்றிவிட்டு, உள்ளே போனாள்.

அவள் திரும்பி வந்தபோது கையில் தட்டு இருந்தது. வண்டியின் இறக்கிவிட்ட பின்கதவில் உட்கார்ந்திருந்த அவன் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். தட்டை அவனுக்கு எட்டாத பக்கமாக வைத்தாள்.

"கழட்டு."

"என்னத்த?"

"எடது கால."

"நாத்தம் தாங்காதுக்கா."

"பன்னிப் பண்ணைக்குப் பக்கத்துல வளந்தவடா நான். கழட்டு."

கழற்றிக் கவிழ்த்தான். நட்டு ஜல்லியில் விழுந்து உருண்டது. அவள் இறங்கி எடுத்து, சட்டையில் துடைத்தாள். திட்டுவாள், அறைவாள் என்று தோளைக் குறுக்கிக்கொண்டு காத்திருந்தான். அவள் தட்டை அவன் மடியில் வைத்தாள். திட்டியிருந்தால் தேவலை.

"சும்மா விளையாட்டுக்குச் செஞ்சேன்" என்றான். "நீ போனா எனக்கென்ன? உன் ரூம் எனக்கு வரும். காலைல குளிக்கச் சண்டை போட வேண்டாம். காது ரெண்டும் பிழைக்கும். இன்னிக்கே வேணும்னாலும் கிளம்பு."

"அவ்ளோ சந்தோசமா?"

"பின்ன?"

"அப்ப எதுக்குடா ஒளிச்ச?"

கோல்ட்டன் இருந்ததிலேயே பெரிய இறைச்சித் துண்டை எடுத்து வாய் நிறைய அடைத்துக்கொண்டான்.

"நிதானமா மெல்லு" என்றாள் ட்வைலா. "விடியுற வரைக்கும் இங்கதான் இருப்பேன்."