தயாளன் கொண்டுவந்த இரண்டாவது ஸ்வீட் பாக்ஸ்

போன ஞாயிற்றுக்கிழமை தயாளன் ஸ்வீட் பாக்ஸோடு வாசலில் வந்து நின்றதும், கதவைச் சாத்திக்கொள்ளலாமா என்று பார்த்தேன்.

காரணம் இருக்கிறது.

தயாளன் எங்கள் ராஜகீழ்ப்பாக்கத்துப் பழைய குடும்பம். அப்பா காலத்து நிலத்தை விற்று, திருமுடிவாக்கத்தில் சின்னதாக ஒரு பட்டறை போட்டார். காருக்குள் ரப்பர் குழாயை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் இருக்கிறதே — அதுதான் அங்கே தயாராவது. பெரும்பகுதி இங்கிலாந்தில் இருந்த ஒரு கார் தொழிற்சாலைக்குப் போகும்.

ஐரோப்பிய யூனியனை விட்டு இங்கிலாந்து விலகுகிறது என்று டிவியில் வந்த அன்று, பட்டறை முழுக்க லட்டு கொடுத்தார். எனக்கும் ஒரு பாக்ஸ். "பக்கத்து வூட்டோட பேச்சுவார்த்தை இல்லன்னா, சாமானுக்கு நம்மாண்டதான சார் வந்தாவணும்?"

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. லட்டும் நன்றாக இருந்தது.

ஒன்றை மறந்துவிட்டார்... தொழிற்சாலைதான் இங்கிலாந்தில், முதலாளி வேறு நாட்டுக்காரர். அவர் அங்கே போய்க் கடை விரித்ததே, ஐரோப்பா முழுக்க வரி, செக்கிங் தொந்தரவு இல்லாமல் கார் விற்கத்தான். தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் டிபன் கடை போட்டவரை நினைத்துப் பாருங்கள். ஸ்டேஷன் வழியை அடைத்துவிட்டால், அங்கேயே உட்கார்ந்து இட்லி அவித்துக்கொண்டிருப்பாரா?

தொழிற்சாலையை மூடினார்கள். அங்கே வேலை பார்த்தவர்கள் வீட்டுக்குப் போனார்கள். இங்கே கிளாம்ப் ஆர்டர் நின்றது.

அந்தச் சமயத்தில் பட்டறைக்குப் போயிருந்தேன். பிரஸ் மெஷின் ஓட்டும் செல்வி அக்கா சும்மா உட்கார்ந்திருந்தார். கணவர் இல்லை. மகள் காலேஜில். அந்த மெஷின் ஓடினால்தான் வீட்டில் அடுப்பு எரியும். என்னைப் பார்த்துக் கேட்டார். "அவங்க வெளில போனதுக்கு நாம இன்னா சார் பண்ணோம்?"



தயாளன் யாரையும் வேலையை விட்டு அனுப்பவில்லை. ஜன்னல் கிரில், ஸ்கூல் பெஞ்சு என்று கிடைத்ததையெல்லாம் செய்து ஒப்பேற்றினார். ஒருநாள் விட்டு ஒருநாள் வேலை. சனிக்கிழமை தவறாமல் பெருமாளைப் பார்க்கத் திருநீர்மலை ஏறினார். கிரில் ஆர்டரும் குறைந்தபோதுதான் ஆள் உடைந்துபோனார். இனி செல்வியை வரவேண்டாம் என்று சொல்ல வேண்டியதுதான், ஆனால் எந்த முகத்தோடு சொல்வேன் என்று போன மாதம் என்னிடம் கேட்டார்.

அதனால்தான் பாக்ஸைப் பார்த்ததும் பதறினேன். நல்ல செய்திதான் என்றார். அதே கார் கம்பெனி, ஐரோப்பாவில் வேறொரு நாட்டில் நடத்தும் தொழிற்சாலையிலிருந்து கிளாம்ப் ஆர்டர்!

யார் சிபாரிசு தெரியுமா? மூடிப்போன அந்த இங்கிலாந்து தொழிற்சாலையில் பர்ச்சேஸ் பார்த்த பீட்டர். வருஷக்கணக்கில் போனில் இவரோடு விலைக்கு மல்லுக்கட்டியவர். வேலை போய், இப்போது டெலிவரி வேன் ஓட்டுகிறார். அந்த நிலைமையிலும் பழைய கம்பெனி சிநேகிதர்களிடம் தயாளன் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார்.

"வெளில போவணும்னு ஓட்டு போட்டதே அவருதான் சார். அவரே போன்ல சொன்னாரு. திட்ட வாய் வரல. நானும் லட்டு குடுத்தவன்தான?"

அவர் ஓட்டுப் போட்டதும் சரி, இவர் லட்டு கொடுத்ததும் சரி — இனி நமக்கு நல்லகாலம் என்று நம்பித்தானே? பெரிய இடத்துக் கதவுகள் திறக்கும்போதும் மூடும்போதும், விரல் நசுங்குவது என்னவோ இவர்களுக்குத்தான்.

பாக்ஸைத் திறந்தேன். ஜாங்கிரி. லட்டு ராசியில்லை என்று செல்வி அக்காவின் கண்டிப்பான உத்தரவாம்.

வண்டியை ஸ்டார்ட் செய்த தயாளன், அணைத்துவிட்டுத் திரும்பி வந்தார். "சார், நீங்க பேப்பர் படிக்கிறவரு. இப்ப ஆர்டர் குடுத்த நாட்லயும் யாராவது வெளில போறேன்னு பேசுனா, ஒரு போன் அடிச்சிடுங்க."

இப்போதெல்லாம் காலையில் பேப்பர் வந்ததும், ராசிபலனைத் தாண்டி நேராக வெளிநாட்டுச் செய்திக்குப் போய்விடுகிறேன்.

செல்வி அக்கா வேலைக்குப் போக வேண்டுமே!