உப்புப் போடாத பனி

சுவிஸின் பாடன் நகருக்கு வெளியே, பழைய மாளிகை ஒன்றில் இயங்கும் முதியோர் இல்லத்தில் தோட்டமும் வழிகளும் என் பொறுப்பு. பூங்காவின் வடக்கு மூலையில் ஒரு மண்மேடும் அதில் ஒரு மரக்கதவும் உண்டு. மண்மேட்டில் கதவைக் கண்டால் சுவிஸ்காரருக்கும் இலங்கையிலிருந்து வந்த எங்களுக்கும் ஒரே சொல்தான் வாயில் வரும்: பங்கர், போர்க்காலப் பதுங்குகுழி. நானும் பல வருடங்களாக என் நாட்குறிப்பில் அப்படித்தான் எழுதிவந்தேன்.

சென்ற நவம்பரில் இல்லத்தின் பொறுப்பாளர், அடுத்த இலையுதிர் காலத்தில் அதைச் சரளைக்கல் கொட்டி மூடப்போவதாகச் சொன்னார். மூடுமுன் அளந்து எழுதிவைக்கலாமென்று கதவுக்குப் பின்னிருந்த குழிக்குள் ஏணியுடன் இறங்கினேன். செங்கல் சுவர் முட்டையின் கீழ்ப்பாதி போல ஒடுங்கி, அடியில் நீர் வடியும் துளையில் முடிந்தது. ஆள் நிற்கத் தரையே இல்லாத பங்கரில் யார் பதுங்குவது? ஆங்கிலேயப் பண்ணை மாளிகைகளின் ஐஸ் வீடுகளைப் பற்றி வாசித்த நூலகப் புத்தகத்தில் இதே அமைப்பைப் பார்த்திருந்தேன். குளிர்காலத்தில் ஐஸை அடைத்து, கோடையில் சமையலறைக்கு எடுப்பார்கள்.

புத்தகத்திலிருந்த படத்தைக் காட்டியபோது பொறுப்பாளர் சிரித்தார். “இங்கிலாந்துப் படத்தை நம்பி நான் எப்படி முடிவெடுப்பது? கோடையில் ஐஸைக் காட்டுங்கள், மூடவில்லை.”

வீட்டில் மனைவி சொன்னாள்: “மற்றாக்கள் பனியைத் தள்ளி எறியினம், நீங்கள் சேர்த்து வைக்கப் போறியளோ? உந்தக் குழிக்குள்ள விழுந்தா எனக்கு வந்து சொல்லாதேங்கோ.”

“விழுந்தா எப்பிடியப்பா வந்து சொல்லுறது?”

“ஓம், அதுவும் சரிதான்.”

ஜனவரியில் பனி கொட்டியது. வழிகளில் பனி வழிப்பது எப்படியும் என் வேலை. முதல் நாள் பதினொரு தள்ளுவண்டி பனியைக் குழிக்குள் கொட்டிய பிறகே உறைத்தது: அந்த வழிகளுக்கு விடியற்காலையில் உப்புத் தூவியவனும் நான்தான். உப்புப் பனி தானும் உருகி மற்றதையும் உருக்கும். அவ்வளவையும் அள்ளி வெளியே எறிந்தேன். அதன்பின் ஒரு மணி நேரம் முந்தி வந்து, உப்புக்கு முன் வழித்தேன். பெப்ரவரி முடியும்வரை கொட்டி, மிதித்து இறுக்கி, வாய்வரை நிரப்பி, மேலே வைக்கோலை அடைத்துக் கதவைச் சாத்தினேன். இடையில் ஒருமுறையும் திறக்கவில்லை. திறந்தால் சூடு புகும்.

ஓகஸ்ட் முதலாம் திகதி, தேசிய தினம். தோட்டத்தில் எல்லோரும் கூடியிருந்தபோது பொறுப்பாளரைக் கூட்டிச் சென்றேன். மேல் வைக்கோல் அழுகி நாறியது. அதை விலக்கிக்கொண்டே போனேன். குழியின் பாதியளவு இறங்கிய பிறகுதான் பனி அள்ளும் சவள் ‘டங்’ என்றது. சாம்பல் நிறத்தில், கல்லாக இறுகிய ஒரே கட்டி.

அவரும் ஏணியில் இறங்கி, விரல் மடக்கித் தட்டிப் பார்த்தார்.

“கட்டினவனுக்கு வேலை தெரிந்திருக்கிறது,” என்றார்.

“நிரப்பினவனுக்கும்,” என்றேன்.

சரளைக்கல்காரருக்கு அவர் அங்கிருந்தே தொலைபேசி எடுத்தார். நிலத்தடியில் தொடர்பு கிடைக்கவில்லை. மேலே ஏறிப்போய் வேண்டாமென்று சொன்னார். நான் ஐஸை உடைத்துப் பேசினில் அள்ளிக்கொண்டு தோட்டத்துக்கு நடந்தேன். சக்கர நாற்காலிகளில் இருந்தவர்கள் ஆளுக்கொரு துண்டை எடுத்து, கை விறைக்கும்வரை வைத்திருந்தார்கள்.