ஓசி சாப்ட்வேர் சொன்னவர்

கொல்லிமலையில் மிளகு வாங்கும் ஆபீசில் நான் காவலாளி. கம்ப்யூட்டர் நின்றுவிட்டால் அதைச் சரிசெய்ய நாமக்கல்லில் இருந்து ஒருவர் வருவார். தூக்கம் போதாத கண்கள். பேசும்போதெல்லாம் கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைத்துக்கொண்டே இருப்பார். எங்கள் ஆபீஸ் வேலையை நம்பித்தான் குடும்பம் ஓடுகிறது என்பார்.

ஒருநாள் கம்ப்யூட்டர் நின்றுபோய், மலைக்காரர்கள் மிளகு மூட்டைகளோடு காலையிலிருந்து காத்திருந்தார்கள். அவர் வந்து அணைத்து மறுபடி போட்டதும் அது ஓடியது.

"என்ன கோளாறுங்க?" என்றேன்.

"தெரியலீங்க. இந்த சாப்ட்வேரைப் பிரிச்சுப் பார்க்க கம்பெனிக்காரங்க உடறதில்லை. பிரிச்சுப் பார்க்கற மாதிரி வேற சாப்ட்வேர் ஒண்ணு சும்மாவே கிடைக்குதுங்க."

"ஏனுங்க, ஓசிச் சாமான் உழைக்குமா?" என்று பக்கத்தில் நின்ற எங்கள் ஆபீசர் சிரித்தார். "இது காசு கொடுத்து வாங்கினது. இனி நிக்காதில்ல?"

அவர் பையை மாட்டிக்கொண்டார். "நிக்குமுங்க."

அடுத்த தடவை ஆபீசர் வேறு ஆளைக் கூப்பிட்டார். இனி நிற்காது என்று அந்த ஆள் சொல்லிப் போனார். அடுத்த வாரமே நின்றது.

'நிக்குமுங்க' என்ற அந்த ஒரு சொல்லை மாற்றிச் சொல்ல நாமக்கல்காரருக்கு ஏன் வாய் வரவில்லை என்று இன்னும் யோசிக்கிறேன்.